சூட்டு உடம்பு

எங்கள் பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் சூடு அடிக்கிறது என்று நான் முதன்முதலாகச் சொன்னபோது, என் வீட்டுக்காரர் பவுல்ராஜ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பங்குனி மாசம் திண்டுக்கல்லுல சூடு அடிக்காம, பின்ன பனியா கொட்டும்?" என்றார். பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை வாங்குவதற்காகவே சொன்ன பேச்சு அது. இவருக்கு வாயில் வருகிற நகைச்சுவை எல்லாமே என்னை வைத்துத்தான் வரும்.

நான் சொன்னது வெயில் சூட்டை இல்லை. பிறந்தது முதல் இந்த ஊர் வெயிலில் கிடக்கிறவளுக்கு வெயில் எது என்று தெரியாதா? வெயில் கண்ணாடி வழியாக முகத்தில் அடிக்கும், தலையில் இறங்கும். இது கீழேயிருந்து ஏறியது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் புறப்பட்டு, சேலைக்குள் புகுந்து, வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரைக்கும் வந்தது. வண்டி நிற்கும்போது இருக்காது. ஓட ஓடத்தான் ஏறும். இத்தனையும் நான் விவரமாகச் சொன்னேன். அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

எங்கள் தொழில் புதினாவும் மல்லித்தழையும். காந்திகிராமத்தைத் தாண்டி இருக்கிற தோட்டங்களில் விடிகாலையில் வாங்கி, டவுனில் இருக்கும் பிரியாணிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறோம். 'நாங்கள்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவர் வண்டி ஓட்டுவார், அவ்வளவுதான். எடை கூடுவதற்காகத் தண்ணீர் தெளித்த கட்டு எது, நேற்றுப் பறித்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்த கட்டு எது என்று முகர்ந்து பார்த்துச் சொல்வது நான். கடைக்காரர்களிடம் மல்லுக்கு நிற்பதும் நான். பவுல்ராஜைத் தனியாக அனுப்பினால் அருகம்புல்லைக்கூடப் புதினா என்று வாங்கிக்கொண்டு வருவார். அதைக் கொடுத்தவனுக்கு நன்றியும் சொல்லிவிட்டு வருவார்.

இவருக்கு ஒரு தம்பி, ரொனால்டு. என்ன வேலை செய்கிறான் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. யோசனை சொல்வான். வீட்டில் யாருக்காவது ஏதாவது என்றால் கூப்பிடாமலே வந்து நிற்பான். அவன்தான் எனக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தான்.

"மதினிக்குச் சூட்டு ஒடம்புண்ணே," என்றான் ஒருநாள், எங்கள் வீட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே. "இந்த வயசுல பொம்பளைகளுக்கு இப்படித்தான் உள்ளுக்குள்ள கொதிக்கும். வண்டியில ஒண்ணும் இல்ல."

"அதான் நானும் பாத்தேன்," என்றார் இவர். "நானும் அதே வண்டியிலதான உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு சூடும் தெரியலயே."

நம் ஊரில் இந்தச் சூட்டு உடம்பு ஒன்று போதும். கண் சிவந்தால் சூடு. வாயில் புண் வந்தால் சூடு. வயிறு வலித்தால் சூடு, பொம்பளை எதிர்த்துப் பேசினால் அதுவும் சூடு. ஒருத்தி மேல் அந்தப் பேரை ஒட்டிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. எனக்கு ஒட்டிய மறுநாளிலிருந்து வண்டியைப் பற்றிய பேச்சே நின்றுபோய், என் வயிற்றைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது.

வெந்தயத்தை ஊறவைத்துத் தின்னச் சொன்னார்கள், தின்றேன். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள், குளித்தேன். தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார்கள், வைத்துக்கொண்டு பூசைக்குப் போய் சேலையெல்லாம் எண்ணெய்க் கறை. நுங்கும் மோரும் குடித்துக் குடித்து எனக்குச் சளி பிடித்தது. தும்மிக்கொண்டே வண்டியில் உட்கார்ந்திருந்தேன். கெண்டைக்கால் அப்போதும் வெந்தது.

"தவக்காலந்தான மதினி," என்றான் ரொனால்டு. "இந்தக் கஷ்டத்த ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துருங்க."

அவன் தவக்காலத்தில் ஒப்புக்கொடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கறி சாப்பிடுவதில்லை. வியாழக்கிழமையே இரண்டு நாளைக்குச் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவான்.

இதெல்லாம் வெறும் கேலியோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் என்னிடம் சாவகாசமாகச் சொன்னார்: "பாஸ்கா திருநாள் கழிஞ்சதும் நீ வீட்டுல இரு புள்ள. ரொனால்டு மச்சினன் சும்மாத்தான் இருக்கான். அவன் வண்டியில வரட்டும். ஒனக்கும் ஒடம்பு செத்த குளிரும்."

அந்த வண்டியில் இடது பக்கச் சீட்டு இருக்கிறதே, இந்த உலகத்தில் என்னுடையது என்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான். அதில் உட்கார்ந்து போனால்தான் தோட்டக்காரன் என்னை ஆளாக மதிக்கிறான், கடைக்காரன் 'வாங்கக்கா' என்கிறான். அதை விட்டு இறங்கினால் நான் ரொனால்டுக்குச் சோறு போடுகிற மதினி மட்டும்தான். அவன் மச்சினனுக்குக் கறிவேப்பிலைக்கும் வேப்பிலைக்கும் வித்தியாசம் தெரியுமா என்பதே சந்தேகம்.

"வண்டியில சூடு இருக்குன்னு நான் காட்டிட்டா?" என்று கேட்டேன்.

"காட்டு பாப்போம்," என்றார், ஏதோ குழந்தை கேட்டதைப்போல.

பேகம்பூரில் முகமது யாசினின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னேன். யாசின் பாய் கை சுத்தமான மெக்கானிக், அதில் குறை சொல்ல மாட்டேன். காதுதான் ஆம்பளைப் பேச்சுக்கு மட்டும் திறக்கும். நான் சூடு எங்கே புறப்படுகிறது, எங்கே வருகிறது என்று முழுவதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே போய், நான் சொல்லாத இடத்தையெல்லாம் பார்த்தார். ரேடியேட்டரைத் திறந்தார், தண்ணீர் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், மீட்டர் முள்ளைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"இன்ஜின் சூடே ஆகலக்கா. முள்ளு நடுவுலதான் நிக்குது."

"நான் இன்ஜினச் சொல்லல பாய். உள்ள உக்கார்ற எடத்தச் சொல்றேன்."

அவர் என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஓட்டுறது நீங்க. ஒங்களுக்குச் சூடு தெரியுதா?"

"சுத்தமா இல்ல பாய்."

"அப்ப வண்டியில ஒண்ணும் இல்லக்கா," என்றார் யாசின், கையைத் துடைத்துக்கொண்டு. டிரைவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மூட்டையா மனுஷியா என்ற கேள்விகூட அங்கே எழவில்லை.

இதற்குள் ரொனால்டு ஒரு கண்டுபிடிப்போடு வந்தான். பேட்டரியில் ஓடுகிற சின்ன ஃபேன். அதை டேஷ்போர்டில் என் முகத்துக்கு நேராகப் பொருத்தினான். கீழேயிருந்து காலுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த சூட்டை அது அள்ளி முகத்திலும் அடித்தது. "இப்ப எப்படி இருக்கு மதினி?" என்று அவன் பெருமையோடு கேட்டான். நான் அந்த ஃபேனைக் கழற்றி அவன் மடியில் வைத்தேன்.

இவர்களை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தபின் நானே பார்த்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். வீட்டில் கோவிலில் ஏற்றி மிஞ்சிய துண்டு மெழுகுவர்த்திகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. முதலில், காலையிலிருந்தே மார்க்கெட் வாசலில் நின்று இன்ஜின் ஆறிப்போன வண்டியில், நடுப்பகல் வெயில் ஏறியபோது, டேஷ்போர்டில் ஒரு துண்டு, என் சீட்டுக்கு அடியில் ஒன்று, கியர் பக்கத்தில் ஒன்று, டிரைவர் காலடியில் கிளட்சுக்கு இந்தப் பக்கம் ஒன்று என்று வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், டேஷ்போர்டில் இருந்தது மட்டும் வளைந்து கிடந்தது. தரையில் வைத்தவை கல்லாக இருந்தன. சரி, இது வெயில் செய்கிற வேலை.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே தோட்டத்துக்குக் கிளம்பும்போது, புதிதாகத் துண்டுகளை அதே இடங்களில் வைத்தேன்.

"வண்டிக்குள்ள என்ன புள்ள, செபமாலையா?" என்றார் இவர்.

"ஆமா. ஒங்களுக்குப் புத்தி வரட்டும்னு," என்றேன்.

இவர் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறும் காலோடு ஏறி உட்கார்ந்தார். எப்போதும் அப்படித்தான். சோறு போடுகிற வண்டியைச் செருப்புக்காலால் மிதிக்க மாட்டாராம். சோறு வடிக்கிற என்னை எதை வேண்டுமானாலும் சொல்லி மிதிக்கலாம், அதற்கு மட்டும் பக்தி கிடையாது. தரையில் முன்பு ரப்பர் மேட் கிடந்தது. வாட்டர் சர்வீஸ் கொடுத்தபோது கழற்றினார்கள், திரும்ப வரவில்லை. வெறும் தகரம்தான்.

தோட்டத்துக்குப் போய், சரக்கை ஏற்றிக்கொண்டு, டவுனுக்குத் திரும்புவதற்குள் மெழுகு பேசிவிட்டது. டேஷ்போர்டில் இருந்த துண்டு நான் வைத்தபடியே நின்றது. சீட்டுக்கு அடியில் இருந்தது லேசாக இளகியிருந்தது. கியர் பக்கம் இருந்தது படுத்துவிட்டது. கிளட்சுப் பக்கம் வைத்த துண்டைக் காணவே காணோம். தகரத்தில் உருகி ஓடி, திரி மட்டும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில், நடு ரோடு என்றும் பாராமல் கையைத் தட்டினேன்.

"நேரா பேகம்பூருக்கு விடுங்க," என்றேன். "எனக்குத்தான் சூட்டு ஒடம்பு. மெழுகுக்குமா சூட்டு ஒடம்பு?"

இவர் வண்டியைத் திருப்பினார். போகிற வழியில் ரொனால்டு நின்றுகொண்டிருந்தான், ஏறிக்கொண்டான். மதினி அவமானப்படப் போகிறாள் என்று அவனுக்கு ஒரு குஷி. வரட்டும் என்று நானும் இடம் விட்டேன்.

யாசின் பாய் மெழுகைப் பார்த்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். இந்த முறை தலையாட்டவில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். உள்ளேயிருந்து ஸ்பானர் தட்டுகிற சத்தம் வந்தது. அப்புறம் சத்தம் நின்றது.

"அண்ணே, இங்க இருந்த தகடு எங்க?"

"எந்தத் தகடு?" என்றார் இவர்.

யாசின் வெளியே வந்து எனக்கு நேராக நின்று, என்னிடமே சொன்னார். சைலன்சர் பைப் டிரைவர் காலடிக்குக் கீழேதான் ஓடுகிறது. அந்தச் சூடு தரையில் ஏறாமல் இருக்க நடுவில் ஒரு தகடு இருக்கும். அதைக் காணோம், போல்ட் ஓட்டை மட்டும் இருக்கிறது. போதாததற்கு பைப் ஜாயின்ட்டும் விட்டுப்போய், புகை நேராகத் தகரத்தில் அடிக்கிறது. கியரைச் சுற்றி இருக்கிற ரப்பர் கிழிந்திருப்பதால் அதில் கொஞ்சம் எனக்கும் வருகிறது.

"தகடு தானா கழண்டு விழாதுக்கா. யாரோ கழட்டிருக்காங்க."

ரொனால்டு மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், "அது கடகடன்னு ஆடிக்கிட்டு கெடந்துச்சு மதினி," என்றான். "கிறிஸ்மஸுக்கு முன்னால வண்டிய நான் எடுத்துட்டுப் போனேன்ல, அப்ப ஒரு வெல்டிங் கடையில கழட்டச் சொன்னேன். தேவயில்லாத சாமான்னுதான் நெனச்சேன்."

"அது எங்க இப்ப?"

"பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

நான் இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. "ஏலே, ஒன் தலைக்குள்ளயும் அப்பப்ப கடகடன்னு ஏதோ சத்தம் கேக்குதே, அதையும் கழட்டி எடைக்குப் போட்டுற வேண்டியதுதான?" என்றேன். ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. எனக்கு வெந்தயம் கொடுத்தீர்களே, விளக்கெண்ணெய் கொடுத்தீர்களே, ஒருத்தனாவது குனிந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். யாசின் பாயையும் விடவில்லை. மீட்டர் முள்ளிடம் கேட்டீர்கள், டிரைவரிடம் கேட்டீர்கள், வெந்தவளிடம் கேட்டீர்களா என்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

கடைசியாக இவரிடம் வந்தேன். இவருக்கென்றே நல்லதாக ஒன்றை எடுத்து வைத்திருந்தேன்.

"நீங்க பெரிய தவசி. மெழுகு உருகி ஓடுற எடத்துல வெறுங்கால வச்சுக்கிட்டு, எனக்கு ஒரு சூடும் தெரியலன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. அம்புட்டு வீராப்பு! பொண்டாட்டி சொன்னது உண்மையாயிரக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான உக்காந்திருந்தீங்க?"

"சத்தியமா எனக்குத் தெரியல இஞ்ஞாசி," என்றார் இவர், என் பேரைச் சொல்லி.

எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். யாசின் மட்டும் சிரிக்கவில்லை. அவர் டிரைவர் கதவைத் திறந்து, கிளட்சுப் பக்கம் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் "யா அல்லா" என்று உதறி எடுத்தார். வண்டியை நிறுத்தி இவ்வளவு நேரம் ஆன பிறகும் அந்தச் சூடு. அவர் உள்ளங்கை சிவந்துவிட்டது.

"அண்ணே," என்றார். குரல் மாறியிருந்தது. "இடது காலத் தூக்கிக் காட்டுங்க."

"கால்ல என்ன?"

"காட்டுங்கண்ணே."

இவர் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பாதத்தைத் திருப்பினார். சுண்டுவிரலுக்குக் கீழே தொடங்கி குதிகால் வரைக்கும் ஓரம் முழுவதும் தோல் வெந்து, உரிந்து, பழைய கொப்புளம் உடைந்து, அதன்மேல் புதுக் கொப்புளம். விளிம்பு கறுத்திருந்தது. காலையில் உருகிய மெழுகு அந்தப் புண்ணின்மேல் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

இவர் குனிந்து பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது எப்ப ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

என் வாயில் மிச்சம் இருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனிதர் என்னிடம் பொய் சொல்லவில்லை, என்னோடு வம்புக்கும் நிற்கவில்லை, தெரியவில்லை என்று சொன்னது அத்தனையும் உண்மை. அது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை என்றார்கள். இன்று நேற்று வந்ததல்ல, வருஷக்கணக்கில் உள்ளே இருந்துகொண்டு கால் நரம்பைத் தின்றிருக்கிறது என்றார்கள். புண்ணைக் கழுவி, செத்த தோலைக் கத்தரியால் வெட்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் அந்த நர்ஸிடம் அவர்கள் ஊர் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டுவதை இனிமேல் மறந்துவிட வேண்டும், சுண்டுவிரல் நிற்குமா என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். வெளியே வராந்தாவில் ரொனால்டு என்னிடம் வந்து, "மதினி, வண்டிக்கு என் மச்சினன..." என்று ஆரம்பித்தான். ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டி வந்தது அவன்தான்; சாவியைக் கொடு என்று கையை நீட்டினேன். கொடுத்துவிட்டு நகர்ந்தான். நான் கேட்டது என் இடது பக்கச் சீட்டை மட்டும்தான். இப்போது வண்டி முழுவதும் என் தலையில். ஓட்டப் பழக வேண்டும், பழகிக்கொள்வேன். ஆனால் இந்த மாதிரி ஜெயிப்பதற்கு நான் ஆசைப்படவில்லை.

சாயங்காலம் தமிழ்மதி என்று ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயசு. ஆனால் வந்ததும் முதலில் என்னைப் பார்த்து, "எத்தன நாளா இருக்கும்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து தூண்டில் நரம்பைப்போல ஒரு சின்ன நைலான் இழையை எடுத்தார்.

"அய்யா, கண்ண மூடிக்கங்க. நான் இதால ஒங்க பாதத்துல தொடுவேன். தொடுறது தெரியும்போதெல்லாம் 'ம்'னு சொல்லுங்க."

"சொல்லிருவோம்மா," என்றார் இவர், உற்சாகமாக. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கோவிலில் முதல்முதலாக நன்மை அப்பம் வாங்கப் போகிற பிள்ளையைப்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

டாக்டர் பெருவிரலில் இழையை அழுத்தினார். இழை வளைந்தது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து நடுவிரலுக்குக் கீழே. அப்புறம் உள்ளங்காலில். குதிகாலில். கட்டுப்போடாத வலது காலுக்கு மாறினார். அதிலும் ஒவ்வொரு இடமாக அழுத்தினார், சில இடத்தில் இரண்டு தடவை. இவர் காதைத் தீட்டிக்கொண்டு, முகத்தில் லேசான சிரிப்போடு காத்திருந்தார்.

டாக்டர் இழையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆரம்பிங்கம்மா," என்றார் இவர், கண்ணை மூடியபடியே. "நான் ரெடி."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கினேன்.

"இஞ்ஞாசி, டாக்டரம்மா இன்னும் ஆரம்பிக்கலயா?"

"இன்னும் இல்லங்க," என்றேன். "செத்த நேரம் கண்ண மூடிக்கிட்டே இருங்க."